பிள்ளையின் பிழை

மேற்கோள் என்றால் பாராட்டு என்று நினைத்துக்கொண்டுதான் இந்த வேலைக்கு எல்லாரும் வருகிறார்கள். நானும் அப்படித்தான் வந்தேன். ஒரு கட்டுரையைப் பலர் எடுத்துக்காட்டினால் அது சிறந்தது, ஒருவரும் சீந்தாவிட்டால் அது வீண் என்று உங்களுக்கும் பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். உங்கள் மேசைமேல் இருக்கும் கணினியும் அதையேதான் சொல்கிறது. அது பொய் சொல்வதில்லை. அதற்கு எண்ணத் தெரியும், வாசிக்கத் தெரியாது.

ஆய்விதழ்களின் மதிப்பை அளப்பது எப்படி என்று புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு எழுதித் தரும்படி என்னைக் கேட்டார்கள். அளக்கும் முறை என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அந்த அளவு ஒரு மனிதரை என்ன செய்தது என்பதை மட்டும் எழுதுகிறேன். நீங்கள் சந்தோஷப்படும்படி அதில் ஒன்றும் இல்லை.

மலாக்காவில் காஜா பேராங் சாலையில், ஒரு சீனரின் சைக்கிள் கடைக்கு மேல்மாடியில் அந்தக் கணித இதழின் அலுவலகம் இருந்தது. ஊரிலிருந்த கணிதச் சங்கம் அதை ஆங்கிலத்தில் நடத்தி வந்தது. ஆசிரியர் ஒரு வெள்ளைக்காரர், கல்லூரியில் கணிதம் போதித்தவர். நான் அங்கே கிராணி, அதாவது எழுத்தர். என் அப்பா புக்கிட் ரம்பாய் பக்கம் கித்தாத் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டியவர். கான்வென்டில் படித்துவிட்டுத் தட்டச்சும் கற்றுக்கொண்டு நான் அந்த மாடி அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்ததே தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் பெரிய பேச்சாக இருந்தது.

இதழ் ஆரம்பத்தில் பள்ளிக்கூட வடிவியலைத்தான் அச்சிட்டது. வெள்ளைக்கார ஆசிரியருக்குக் கோட்டுருவியலில் பித்து. புள்ளிகள், அந்தப் புள்ளிகளை இணைக்கும் கோடுகள், இந்த இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு எதை எல்லாம் நிரூபிக்கலாம் என்று பார்க்கும் கணிதம் அது. அவர் வந்த பிறகு மற்றக் கட்டுரைகள் ஒவ்வொன்றாக மறைந்து, இதழ் முழுக்கப் புள்ளியும் கோடுமாகிவிட்டது. வெளிநாட்டு இதழ்களுக்கு எங்கள் பிரதியை அனுப்புவோம். பதிலுக்கு அவர்களுடையது கப்பலில் வரும். அவற்றைப் பிரித்து அடுக்குவது என் வேலை. அட்டையைப் பார்ப்பதோடு நிற்காமல் உள்ளேயும் புரட்டிப் பார்க்கும் பழக்கம் எனக்கு எப்படியோ வந்தது. புரியாத இடத்தைச் சிதம்பரம் பிள்ளையிடம் கேட்பேன்.

சிதம்பரம் சார் கம்போங் செட்டிக்காரர், மலாக்காச் செட்டிகளின் கிராமம் அது. அலுவலகத்திலிருந்து நடந்து போகும் தூரம்தான் அவர் வீடு. ஊர்ப் பள்ளி ஒன்றில் கணித ஆசிரியர். பள்ளி விட்டதும் எங்கள் மாடிக்கு வந்து அச்சுப் படிகளைச் சரிபார்ப்பார். நெற்றியில் திருநீறு, பெயர் சிதம்பரம், வீட்டில் பேசுவது அவர்களுக்கே உரிய மலாய். தமிழ் பேச வராது. செட்டிமார் பல தலைமுறைக்கு முன்பே இந்த மண்ணோடு கலந்துவிட்டவர்கள். என்னை அவர் 'மிஸ் தனம்' என்பார். நாங்கள் பேசிக்கொண்டது பாதி மலாயும் பாதி இங்கிலீஷும்.

அவர்கள் கம்போங்கில் குடும்பக் கோயில்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். சாமி புறப்பாட்டின்போது ஒவ்வொரு கோயில் வாசலிலும் ஒரே ஒரு தடவை நின்று, நின்ற வாசலுக்கு மறுபடி போகாமல், கிளம்பிய இடத்துக்கே வந்து சேர வழி உண்டா என்று சின்ன வயதில் யோசித்துக்கொண்டே பல்லக்கின் பின்னால் நடப்பாராம். பெரியவரான பிறகு அதே கேள்வியைப் புள்ளியும் கோடுமாக எழுதினார். எந்த வகை வடிவத்தில் அப்படி ஒரு சுற்று நிச்சயமாக இருக்கும் என்று ஒரு தேற்றம் சொன்னார். ஆசிரியருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. தன் கையாலேயே ஒரு முன்னுரை எழுதி, இந்த இதழ் பிறந்ததன் பயனே இந்தக் கட்டுரைதான் என்று புகழ்ந்து அச்சிட்டார்.

அதற்கு மூன்று ஆண்டு கழித்து மெர்டேக்கா வந்தது, நாட்டுக்குச் சுதந்திரம். வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டத் தொடங்கினார்கள். எங்கள் ஆசிரியரும் ஊருக்குத் திரும்புவதாகச் சொன்னார். அவர் போன பிறகு இதழை யார் நடத்துவது, புதிய அரசாங்கம் மானியம் கொடுக்குமா என்று சங்கத்தில் ஒரே கவலை. சங்கத் தலைவர் துரைசாமி, பள்ளி ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்ற தமிழர். வெள்ளைச் சட்டையில் ஒரு மடிப்புக் கலையாமல் நடப்பார். இந்த இதழ் இதுவரை எந்தத் துறைகளில் என்ன வெளியிட்டது, உலகத்தில் யார் யார் அதை எடுத்துக்காட்டியிருக்கிறார்கள் என்று ஓர் அறிக்கை தயாரிக்கும்படி என்னிடம் சொன்னார். தலைநகரிலிருந்து வரும் அதிகாரிகளுக்கு அதைக் கொடுக்க வேண்டும். நீங்கள் இன்று செய்யும் வேலைதான். எனக்கு அப்போது அதற்குப் பெயர்கூடத் தெரியாது.

எப்படிச் செய்தேன் என்பதை விட்டுவிடுகிறேன். வந்து குவிந்திருந்த இதழ்களை எல்லாம் புரட்டினேன், அவ்வளவுதான். எங்களுடைய பெரும்பாலான கட்டுரைகளை உலகத்தில் ஒருவரும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஒன்றை மட்டும் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டியிருந்தார்கள். சிதம்பரம் பிள்ளையின் கட்டுரை.

இதைச் சொன்னதும் தலைவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "நம்ம ஆளும்மா! வெள்ளக்காரன் போனா கணக்குப் போட ஆளில்லன்னு சொன்னானுங்கள்ல? நம்ம தமிழன் பேர ஐரோப்பாவுல அச்சடிக்கிறான் பாரு" என்றார். அன்றைக்கே நாலு பேரிடம் சொன்னார். சிதம்பரத்தையே அடுத்த ஆசிரியராக்குவது, அதிகாரிகள் வரும் நாளில் பள்ளி மண்டபத்தில் அவருக்கு மாலை போடுவது என்று எல்லாம் முடிவாயிற்று. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அறிக்கையை அழகாக எழுத வேண்டும் என்று நினைத்து, அந்த வெளிநாட்டுக் கட்டுரைகளில் அவரைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று வாக்கியம் வாக்கியமாகப் படித்தேன். முதலில் எடுத்துக்காட்டியவர், பிள்ளை நிரூபித்துவிட்டதாகச் சொல்வது சரியல்ல என்று எழுதி, அந்தத் தேற்றத்தைப் பொய்யாக்கும் ஒரு வடிவத்தையும் வரைந்திருந்தார். மற்றவர்கள் அவரைப் பார்த்து எழுதியவர்கள். இப்படி ஏமாந்துபோனவரும் உண்டு என்பதற்கு உதாரணமாகச் சிதம்பரம் சாரைக் காட்டியிருந்தார்கள். படிக்காமலேயே அவர் பெயரைத் தங்கள் பட்டியலில் சேர்த்துக்கொண்ட ஓரிருவர்தான் அவரைப் பாராட்டியவர்கள்.

நான் முதலில் தலைவரிடம் போகவில்லை. கம்போங் செட்டிக்குப் போனேன்.

சார் வீட்டு வாசலில் உட்கார்ந்து மாணவர்களின் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் கொண்டுபோன இதழை விரித்து அந்த வடிவத்தைக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கூடச் சரிசெய்யவில்லை. ஒரு பார்வை பார்த்துவிட்டு, தான் கண்டுபிடித்த வடிவம் இதைவிடச் சிறியது என்றார்.

"சாயா சலா, மிஸ்" என்றார். நான் தப்பு செய்துவிட்டேன் என்று அர்த்தம். கட்டுரை அச்சாகி அந்த மழைக்காலம் முடிவதற்குள் தனக்கே அது தெரிந்துவிட்டது என்றும், திருத்தம் ஒன்று எழுதி ஆசிரியரிடம் கொடுத்ததாகவும் சொன்னார். யார் படிக்கப் போகிறார்கள், விட்டுவிடு என்று ஆசிரியர் சொல்லிவிட்டாராம். மறுபடி கேட்டபோது இடமில்லை என்றாராம். முன்னுரையில் அவ்வளவு புகழ்ந்தவர் அடுத்த இதழிலேயே அது தவறு என்று எப்படிப் போடுவார்? அவர் சொந்த ஊரில் வேலை தேடிக்கொண்டிருந்த நேரம் வேறு.

உள்ளேயிருந்து அவர் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்தார். அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

இதை எல்லாம் அறிக்கையில் எழுதட்டுமா என்று சாரிடம் கேட்டேன். எழுதாவிட்டால் நீங்கள் எதற்கு இருக்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்டார். கோபமாக அல்ல, வகுப்பில் பையனிடம் கேட்பதுபோல.

மறுநாள் தலைவரிடம் சொன்னேன். எடுத்துக்காட்டியவர்களை ஒரே கூட்டாகச் சொல்ல முடியாது, ஏற்றவர்கள் வேறு, மறுத்தவர்கள் வேறு என்று பிரித்துத்தான் எழுத வேண்டும் என்றேன். அவர் மேசைமேல் கையை ஊன்றிக்கொண்டு பொறுமையாகக் கேட்டார். பிறகு, "மேற்கோள் மேற்கோள்தாம்மா. கோலாலம்பூர்க்காரன் இதெல்லாம் பிரிச்சுப் படிச்சிக்கிட்டா இருக்கப் போறான்? எத்தன பேரு சொன்னாங்கன்னு மட்டும் போடு, போதும்" என்றார். இதழ் நின்றுபோனால் என் நாற்காலியும் போய்விடும் என்பதை நான் யோசித்தேனா என்றும் கேட்டார்.

யோசித்தேன். அப்பாவுக்கு அப்போது மூச்சிரைப்பு. தோட்டத்தில் வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டிருந்தார். வீட்டில் வேறு யாருக்கும் வேலை இல்லை. இருந்தும் பிரித்துத்தான் எழுதினேன். வீரம் என்று நினைக்காதீர்கள். வேறு மாதிரி எழுதினால் சாரை அடுத்த நாள் மாடிப்படியில் எப்படிப் பார்ப்பது என்ற ஒரு பயம்தான். தலைவர் அந்தப் பக்கத்தை மட்டும் எடுத்துவிட்டு மற்றதை அச்சுக்குக் கொடுத்தார்.

அதிகாரிகள் வந்த நாளில் மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் வெள்ளைக்கார ஆசிரியர் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் அன்றைக்குத்தான் பிரிவுபசாரம். தலைவர் பேசி முடித்து, மாலையை எடுத்துக்கொண்டு சிதம்பரம் சாரைக் கூப்பிட்டார். சார் மேடைக்கு வந்தார். மாலைக்குக் கழுத்தைக் குனியாமல் சுண்ணாம்புக்கட்டி கேட்டார். தேற்றத்தை விளக்கப் போகிறார் என்று நினைத்துத் தலைவர் சிரித்துக்கொண்டே ஒதுங்கி நின்றார்.

கரும்பலகையில் தன்னுடைய சிறிய வடிவத்தை வரைந்தார். என் தேற்றப்படி இதில் ஒரு சுற்று இருக்க வேண்டும், தேடிப் பாருங்கள், கிடைக்காது, ஆகவே தேற்றம் தவறு, வெளிநாட்டுக்காரர்கள் என் பெயரைச் சொல்வது இதற்காகத்தான் என்று ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார். மண்டபத்தில் பலருக்குப் புரியவில்லை. வந்த அதிகாரிகளில் கணிதம் படித்த மலாய்க்காரர் ஒருவர் இருந்தார், இளைஞர். எழுந்து பலகையின் பக்கத்தில் போய் விரலால் கோடுகளைத் தொடர்ந்து பார்த்தார். தலையாட்டினார். இது உங்களுக்கு எப்போது தெரியும் என்று கேட்டார். அச்சான கொஞ்ச நாளிலேயே என்றார் சார். அப்படியானால் திருத்தம் ஏன் வரவில்லை?

சார் முன்வரிசையைப் பார்த்தார். ஒரு பெயர் சொன்னால் போதும். ஆசிரியர் தன் தொப்பியை மடியில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார்.

"கேட்டேன். இடம் கிடைக்கவில்லை" என்றார் சார்.

தேநீரின்போது ஆசிரியர் அந்த இளைஞரிடம் பேசிக்கொண்டிருந்தார். தனக்கு அந்தக் கட்டுரையின்மேல் ஆரம்பத்திலிருந்தே சந்தேகம்தான், உள்ளூர்க்காரரை ஊக்கப்படுத்த வேண்டுமே என்று அச்சிட்டதாகச் சொன்னார். நான் பலகாரத் தட்டோடு பக்கத்தில் நின்றேன். அதைப் புகழ்ந்து முன்னுரை எழுதியவர் இவர்தான், தட்டச்சுச் செய்தவள் நான் என்று அந்த இளைஞரிடம் சொன்னேன். அவர் கோப்பையைக் கீழே வைத்தார். ஆசிரியர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு வானிலை பற்றிப் பேச ஆரம்பித்தார். அவருக்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை. கப்பல் ஏறினார், அங்கே வேலையும் கிடைத்தது. சிதம்பரம் சாருக்கு வைத்திருந்த மாலையை அன்றைக்கு ஆசிரியர் கழுத்தில்தான் போட்டார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு தலைவர் என்னிடம் சொன்னதை நான் மறக்கவில்லை. "செட்டிக்காரன நம்ம ஆளுன்னு நெனச்சது என் தப்பு. வாயில தமிழே வராது, அவனுக்கு நம்ம மானம் எங்க தெரியப் போவுது." காலையில் அவர் 'நம்ம தமிழன்'. இடையில் மாறியது ஒரு கணக்கு மட்டுமே.

மானியம் வரவில்லை. உள்ளூரில் வாசகர்கள் குறைவு என்று காரணம் சொன்னார்கள், அது உண்மைதான். அன்றைக்குச் சார் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தாலும் வந்திருக்காது என்பது என் எண்ணம். ஆனால் சங்கத்துக்குக் காரணம் சொல்ல ஓர் ஆள் வேண்டியிருந்தது. இதழைக் கெடுத்தவர் என்று அவரைத்தான் சொன்னார்கள். தப்புக் கணக்குப் போட்ட வாத்தியார் என்று பெற்றோர்கள் பேசினார்கள். தலைமை ஆசிரியர் பதவி இருமுறை அவரைத் தாண்டிப் போயிற்று. அவர் அதற்குப் பிறகு ஒரு கட்டுரையும் எழுதவில்லை. ஏன் என்று ஒருமுறை கேட்டபோது, பசங்களுக்குப் பின்னம் புரியவைக்கவே நேரம் போதவில்லை என்றார்.

கடைசி இதழை நான் ஒருத்தியாகவே முடித்தேன். அவருடைய திருத்தத்தை முதல் பக்கத்தில் போட்டேன். தடுக்க யாரும் வரவில்லை. யாருக்கும் அக்கறை இல்லை. வழக்கம்போல எல்லா நாட்டுக்கும் அனுப்பினோம்.

பிறகு எனக்குத் தலைநகரில் நூலக வேலை கிடைத்தது. உங்களுக்குத் தெரிந்த தனலெட்சுமி அங்கே தொடங்கியவள். கணித இதழ்கள் வர வர அந்தத் திருத்தத்தை யாராவது எடுத்துக்காட்டுகிறார்களா என்று தேடுவேன். மூலக் கட்டுரையை விடாமல் எடுத்துக்காட்டினார்கள். பாடப்புத்தகத்தில் ஏறியது. மாணவர்கள் விழக்கூடிய குழிக்கு உதாரணமாக அதற்கு ஒரு பெயரும் வைத்துவிட்டார்கள்: பிள்ளையின் பிழை. அதை முதலில் கண்டுபிடித்தவரே அந்தப் பிள்ளைதான் என்று ஒரு வரி எந்தப் புத்தகத்திலும் இல்லை. பதிப்பாளர்களுக்கு எழுதிப் பார்த்தேன். அடுத்த பதிப்பில் கவனிப்பதாக ஒருவர் மட்டும் பதில் போட்டார். அடுத்த பதிப்பு வந்தது. அட்டையின் நிறம்தான் மாறியிருந்தது.

ஆகவே இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்தது இதுதான். எண்ணிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவரைத் தூக்கவோ தள்ளவோ உங்களிடம் கேட்பார்கள். அவசரம் என்பார்கள். எப்போதும் அவசரம்தான். அந்த வாக்கியத்தைத் திறந்து படித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். படித்தால் நல்லது நடக்கும் என்று சொல்லமாட்டேன். நான் படித்தேன், நல்லது ஒன்றும் நடக்கவில்லை. என்ன நடக்கிறது என்பதாவது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

சார் இறந்துபோன செய்தி கேட்டு மலாக்காவுக்குப் பஸ் ஏறினேன். கம்போங் செட்டியில் அவர் வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். உறவுக்காரர்கள், பழைய மாணவர்கள், சீனர்களும் மலாய்க்காரர்களும்கூட வந்திருந்தார்கள். தலைவர் துரைசாமி அப்போது உயிரோடு இல்லை. ஊர்ச் சங்கம் ஒன்றிலிருந்து வந்திருந்த இளைஞர் இரங்கல் உரை படிக்க எழுந்தார். நல்ல தமிழ், எழுதி வைத்துக்கொண்டு படித்தார். உலகமெங்கும் கணித மேதைகள் மேற்கோள் காட்டிய மாபெரும் தமிழறிஞர், அவர் கண்ட தேற்றம் இன்றும் மேல்நாட்டுப் பாடநூல்களில் அவர் பெயராலேயே வழங்குகிறது என்று உருக்கமாகச் சொன்னார். எங்கேயோ எண்ணிக்கையைப் பார்த்திருக்கிறார். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

எழுந்து மறுக்கலாம் என்று என் கால் ஒருமுறை அசைந்தது. யாரிடம் மறுப்பது? அந்தப் பையன் எந்தத் தப்பும் செய்யவில்லை. எதிரே சார் கிடந்தார்.

சவப்பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா என் கையைப் பிடித்து இழுத்தார். அந்தத் தமிழில் அவருக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை.

"அபா டியா சாக்காப், மிஸ்?" என்றார். அவன் என்ன சொல்கிறான்?

இத்தனை வருஷ வேலையில் பிறர் சொன்னதைச் சொன்னபடியே சொல்லி வந்தவள் நான். பையன் இன்னும் படித்துக்கொண்டிருந்தான். நான் குனிந்து அவர் காதில் மலாயில் சொன்னேன்: உங்கள் கணவர் தப்பு செய்தால் தானே எழுந்து நின்று சொல்லிவிடுகிற மனிதர் என்று சொல்கிறான், அக்கா.

அக்கா தலையாட்டினார். "ஆமா, அது சரிதான்" என்று மலாயில் சொல்லிவிட்டு, முந்தானையால் சாரின் நெற்றியில் உட்கார வந்த ஈயை ஓட்டினார்.